பழி யார் தலையில்?



2017 ஒக்டோபர் 18ஆம் திகதி, அமெரிக்காவின் பீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்தாட்ட அணி தன் பருவத்தின் முதல் ஆட்டத்தைச் சொந்த அரங்கில், சொந்த மக்கள் முன்னிலையில் ஆடியது. போட்லண்ட் அணி 124 புள்ளிகள், பீனிக்ஸ் 76. அதுவரை அவ்வணி கண்டிராத பெருந்தோல்வி. அடுத்த இரு ஆட்டங்களும் கைநழுவின. 22ஆம் திகதி பயிற்றுநர் ஏர்ள் வாட்சன் நீக்கப்பட்டார்.

நோய் தீர்ந்ததா? இல்லை. அப்பருவத்தின் 82 ஆட்டங்களில் 61இல் அணி தோற்றது.

பயிற்றுநரிடம் குறையே இல்லை என நாம் வாதாடவில்லை. ஆனால் வீரரைத் தெரிந்தவர்கள், ஆடியவர்கள், ஆட்டுவித்தவர் என எல்லாருக்கும் பங்குள்ள தோல்வியை ஒருவர் தலையில் கட்டுவது நீதியாகுமா?

லேவியர் ஆகமம் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். குரு வெள்ளாட்டின் தலைமேல் கைகளை வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்ட பின்னரே அது பாலைநிலத்துக்கு அனுப்பப்படுகிறது. பாவம் தங்களுடையது என்பதை அம்மக்கள் மறைக்கவில்லை. நாமோ அறிக்கையை விட்டுவிட்டு, ஆட்டை மட்டும் துரத்துகிறோம். பிள்ளை பரீட்சையில் தவறினால் ஆசிரியர். சங்கம் நலிந்தால் தலைவர். குடும்பம் குலைந்தால் மருமகள். வெற்றி வந்தால் மட்டும் "நாங்கள்"!

திருப்பலியின் தொடக்கத்தில் பாவத்தை ஏற்கும்போது நம் கை தட்டுவது நம் மார்பையே. அயலவர் முதுகை அல்ல. அடுத்த தோல்வி நம் வாசலுக்கு வரும்போது, ஆட்டைத் தேடுமுன் இதைச் சற்று எண்ணிப் பார்ப்போமா?