அடமண்ட்

'அடமண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் கிரேக்கம். அங்கே 'அடமாஸ்' என்றால் எதற்கும் அடங்காதது. கிரேக்கப் புராணத்தில் குரோனஸ் தன் தந்தை யுரேனஸை வெட்டிய அரிவாள் இந்த அடமாஸால் ஆனது என்று கவிஞர் ஹெசியோட் பாடியிருக்கிறார். அது எந்த உலோகம் என்று யாருக்கும் தெரியாது. உடையாது என்பது மட்டுமே அதன் அடையாளம்.

பிறகு அந்தப் பெயர் வைரத்துக்கு வந்து சேர்ந்தது. 'டயமண்ட்' என்பதும் இதே வேரில் முளைத்ததுதான். முதலாம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, வைரத்தைப் பட்டறைக் கல்லில் வைத்து அடித்தால் சுத்தியல்தான் உடையும் என்று எழுதினார். ஆட்டின் சூடான இரத்தத்தில் ஊறவைத்தால் மட்டும் அது இளகுமாம்! உண்மையில் வைரத்தை எளிதில் கீறத்தான் முடியாது. வாகான இடத்தில் ஓர் அடி விழுந்தால் சில்லு சில்லாகிவிடும். இடைக்காலத்தில் காந்தக் கல்லையும் இதே சொல்லால் குறித்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் ஹெலனா தான் காதலிக்கும் இளைஞனை அப்படி அழைப்பது, கல்நெஞ்சக்காரனாக இருந்தும் தன்னை இழுக்கிறானே என்ற ஆதங்கத்தில்தான்.

ஒருவருடைய மன உறுதியைக் குறிக்கும் இன்றைய பொருள் பரவலானது 20ஆம் நூற்றாண்டில். 1936இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில், எந்த முடிவும் எடுக்காமல் மிதந்துகொண்டிருப்பதில் மட்டும் அரசு அடமண்டாக இருக்கிறது என்று குத்திக்காட்டினார். கேலியாகச் சொன்னாலும் சொல்லின் கனம் அதில் தெரிகிறது.

சிக்னலைத் தாண்டியது சிவப்புக் கார்தான் என்று ஒரு சாட்சி, வழக்கறிஞர் எத்தனை முறை மடக்கினாலும் மாறாமல் சொன்னால் ஆங்கிலத்தில் அவர் அடமண்ட். அதில் பழிப்பு இல்லை. பழிப்பு வேண்டுமென்றால் 'ஸ்டப்பர்ன்' இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளிலோ பொம்மைக் கடை வாசலில் புரண்டு அழும் குழந்தைகூட அடமண்ட்தான். 'அடம்' என்ற சொல்லின் ஒலி இதற்குத் துணைபோயிருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. அந்தக் குழந்தைக்கு ஸ்டப்பர்ன் என்பதே பொருத்தம். எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வராது. 'அவர் அடமண்டாக இருக்கிறார்' என்று பயனிலையாகவே வரும்.