ஓய்வின் பயன்



உறக்கத்திற்கும் உணவிற்கும் தொழிலுக்கும் சென்றன போக நமக்கு எஞ்சுவது சிறு பொழுதேயாம். அதனை ஓய்வு என்கின்றோம். அவ்வோய்வைக் 'கழித்தல்' என்று வழங்குதலே நாம் அதன் அருமை அறியாமையைக் காட்டும். வேண்டாததனையன்றோ கழிப்பர்?

சென்ற கோடையில் ஒருநாள் மாலை யாம் நாகைக் கடற்கரையில் உலாவினேம். மீனினம் பெருகுதற்பொருட்டு ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கீழைக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாதென்பது அரசினர் விதி. அந்நாளாதலின் படகுகள் ஓய்ந்து நின்றன. முதியவர் ஒருவர் நிழலில் அமர்ந்து வலையின் அறுந்த கண்களை நூலிட்டு முடிந்துகொண்டிருந்தார். "தொழிலின்றி நாள் எவ்வாறு கழிகின்றது, பெரியவரே?" என்று வினவினேம். அவர் தலைநிமிராமலே, "கடலுக்குப் போகிற நாளில் மீனைத்தான் பார்ப்போம், ஐயா; கரையில் இருக்கிற நாளில்தான் வலையைப் பார்க்கலாம்" என்றார்.

அவ்விடை எம்மை நாணச்செய்தது. ஆசிரியத்தொழிலில் இருந்த காலத்து, விடியலில் அரிதிற் கிடைத்த ஒரு நாழிகையில் திருமுறை ஓதினேம். இன்று நாள்முழுதும் எமதாய பின்னர், திண்ணையில் இருந்து பிறர் குறை பேசுதலில் அதனைப் போக்குகின்றேம். மீன் பிடித்தலை விட்டனமேயன்றி வலையைப் பார்த்திலேம்.

இஃது ஏன் நிகழ்கின்றது? உயிர் தனித்து நில்லாது, சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றென்பது நம் சித்தாந்தத் துணிபு. தொழிற்பொழுதில் கடமை அதனைக் கட்டி நிறுத்துதலின், அதன் நாட்டம் புலப்படாது. கட்டவிழ்த்த கன்று எப்பசுவினிடம் ஓடுகின்றதோ அதுவே அதன் தாய். அங்ஙனமே, ஓய்வில் நெஞ்சு ஓடும் இடம் யாது, அதுவே நாம் சார்ந்த பொருள் என்க. ஆதலின் நம்மை நாமே அளந்தறிதற்கு ஓய்வினும் சிறந்த உரைகல் பிறிதில்லை.

அற்றேல், உலகின்பங்களை வெறுத்து ஒதுக்கல் வேண்டுமோ எனின், வேண்டா. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர் பக்குவமுறுதற்பொருட்டு இறைவன் கூட்டியவை. மாலைக் கடற்காற்றும், கோடை நுங்கின் தண்மையும், நடவு முடிந்த வயலின் பசுமையும், பேரக்குழந்தையின் மழலையும் அவன் கொடுத்த போகங்களே. நம்பியாரூரர் இந்நாகைக் காரோணத்துப் பெருமானிடமே பொன்னும் மணியும் ஆடையும் சாந்தும் குதிரையும் தோழமையுரிமையாற் கேட்டுப் பெற்றனர். இறைவன் அவரைக் கடிந்தானல்லன். நுகர்தல் குற்றமன்று, நுகருங்கால் கொடுத்தவனை மறத்தலே குற்றம்.

"பகலெல்லாம் சேற்றில் நின்று நாற்று நடும் எமக்கு ஓய்வு ஏது?" என்று வினவுவாரும் உளர். அவர் வினா நேரியதே. உடலயர்ந்தார் உறங்குதலைப் பொழுதை வீணாக்குதல் என்பார் சித்தாந்தம் அறியார். உயிர்களின் இளைப்பினை ஒழித்தற்கன்றோ இறைவன் அழித்தற்றொழிலையே இயற்றுகின்றான்? இளைத்தார்க்கு இளைப்பாற்றலும் அருளே.

ஆயினும், பொழுது உள்ளார் பலரும் பொழுதில்லை என்கின்றோம். அவர்க்கு இவ்வூர் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் வரலாறே விடையாம். பரதவர் தலைவராகிய அவர், நாள்தோறும் படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடுவார். வறுமை வந்தது, ஒரே மீன் பட்ட நாள்கள் தொடர்ந்தன. அவ்வொன்றையும் விட்டார். பின்னர்ப் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் பட்டபோதும் அதனையும் விட்டார். ஆவணி ஆயிலியத்தில் நாகைக் கடலிற் பொன்மீன் விடும் விழா இன்றும் இதனை நினைப்பிக்கின்றது. மிகுந்தபோது கொடுத்தல் எளிது. ஒன்றே உள்ளபோது கொடுத்தலே அன்பு. பொழுதிற்கும் இஃதொக்கும்.

இவ்வூரிலே நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவர் புத்தக வாணிகம் செய்து வாழ்ந்தார். வாணிகம் தொழிலாயினும் தமிழ் கற்பித்தலைக் கைவிட்டாரல்லர். அவர்பால் தமிழ் பயின்ற வேதாசலம் என்னும் இளைஞரே பின்னர் மறைமலையடிகள் ஆயினார். அடிகள் தம் வாழ்நாளில் தொகுத்த நூல்கள், அவர் 1950-இல் மறைந்தபின், 1958 முதல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தின் வழிப் பலர்க்கும் பயன்பட்டன. கடைக்காரர் ஒருவர் ஈந்த பொழுது எத்துணைத் தொலைவு சென்றதென்று காண்மின்!

ஆதலின், அன்பர்காள், ஒரு நாளின் 60 நாழிகையுள் ஒன்றனை, அஃதாவது 24 நிமிடத்தினை, முதல் மீனாக இறைவனுக்கு விடுமின். பூத்தொடுத்தல், திருமுற்றம் அலகிடுதல், விளக்கேற்றல், ஒரு பதிகம் ஓதுதல், எழுத்தறியாச் சிறுவன் ஒருவனுக்கு எழுத்தறிவித்தல் இவற்றுள் இயன்றது ஒன்று அமையும். சரியையின் வாயில் இத்துணை எளிதாகத் திறந்திருக்கின்றது. அவ்வொன்று அவனதாயின், எஞ்சிய நாழிகைகளில் நுகரும் சிற்றின்பமும் அவனை நினைப்பிக்கும்.

யாமும் நாளை விடியலில் திண்ணைக்குச் செல்லுமுன் அந்நாழிகையைத் தொடங்குவேம். கரையிலிருக்கும் நாள் இன்னும் எத்துணையோ, அறியேம். உள்ளபோதே வலையைப் பார்ப்போமாக.

திருச்சிற்றம்பலம்.