கடைசிக் காட்சி யாருடையது

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தில் ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமந்து மலையிறங்குகிற கூலி. துண்டு நிலம் வாங்குவது அவன் ஆசை. அதற்காக நம்பியிருந்த மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறிவிடுகிறது. பிறகு நிலம் கிடைக்கிறது. கடனில் கையைவிட்டும் போகிறது. கடைசியில் அந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவனே காவலாள். படம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

"இதனால் தோட்டக் கூலிக்கு எட்டணா பிரயோஜனமுண்டா?" என்றார் ஒரு நண்பர். தொண்டு நிறுவனங்களுக்காகப் படம் எடுத்து நிதி திரட்டுகிறவர். அவர் படமொன்றால் சில பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கலைத் தூய்மை பேசி இதை ஒதுக்குவது வயிறு நிறைந்தவன் காரியம்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் போடிநாயக்கனூரிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். ஏலச்செடியின் காய் உச்சியில் இல்லை, அடியில் தரையோடு கிடக்கும் சரங்களில். நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். இவர்களைப் படமெடுக்க வந்த ஒரு கோஷ்டி (பெயர் வேண்டாம்) ஒருத்தியிடம், "சிரிக்காதேம்மா" என்றதை நான் கேட்டேன். அந்த ஜீப்பில் நடக்கும் கேலியும் ஏச்சும் தெரிந்தவர்களுக்கு, சிரிப்பை எடுத்துவிட்டால் பாதி மனுஷி போய்விடுவாள் என்பது தெரியும். மிச்சமிருக்கும் பாதிக்குத்தான் நன்கொடை. முடிவில் திரையில் வங்கிக் கணக்கு எண். அந்தக் கடைசிக் காட்சியில் ரட்சகர் வேஷம் பார்வையாளருக்கு.

இது புதிதல்ல. 1935ல் ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் எடுத்த 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்', லண்டன் சேரிவாசிகளைத் தங்கள் வாயாலேயே பேச வைத்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம். பணம் போட்டது எரிவாயுத் தொழில்காரர்களின் சங்கம். பேச்சு குடியிருந்தவர்களுடையது, படத்தின் முடிவு பணம் போட்டவர்களுடையது.

உதவி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உதவிக்கு விலையாக ஒருத்தி தன் முகத்தைத் திருத்திக் கொடுக்க நேர்கிறது, அது எந்த ரசீதிலும் ஏறுவதில்லை என்கிறேன். சிரிப்பை விட்டுவைத்தால் வசூல் குறையும் என்கிறார் நண்பர். குறையலாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: படத்தைப் பட்டணத்தில் காட்டுமுன் ஜீப்பில் போகிறவர்களுக்குப் போட்டுக் காட்டட்டும். அவர்கள் வெட்டச் சொல்வதை வெட்டட்டும், கணக்கு எண் உட்பட.