மௌனம் சம்மதமா?

பத்திரிகைச் சந்தா முடியும் மாதத்தில் இதழோடு ஒரு துண்டுச் சீட்டு வரும். வேண்டுமானால் பணம் அனுப்புவோம். சும்மா இருந்தால் இதழ் நின்றுவிடும். அங்கே மௌனத்துக்கு 'வேண்டாம்' என்று பொருள். இணையச் சந்தா வியாபாரமோ அதே மௌனத்தைச் 'சம்மதம்' என்று எடுத்துக்கொள்கிறது.

என் தமக்கை மகன் இணையத்தில் சங்கீதம் சொல்லித்தரும் சேவை நடத்துகிறான். மாதச் சந்தா. பாடத்துக்கே வராமல் பணம் மட்டும் கட்டுகிறவர்கள் பலர்.

"எழுதிக் கேட்டால் விலகிவிடுவார்கள், மாமா. அப்புறம் ஆசிரியைகளுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பேன்? சட்டப்படி தவறில்லையே!" என்றான்.

சட்டம் அவன் பக்கம்தான். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதானால், 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தகவல் போகிறது, படிப்பார்தான் இல்லை.

2020-இல் நெட்பிளிக்ஸ், சேர்ந்தது முதல் ஓராண்டாக எதையும் பார்க்காதவர்களிடம் 'தொடர விருப்பமா?' என்று கேட்டது. பதில் வராவிட்டால் சந்தாவை நிறுத்துவதாக அறிவித்தது. அத்தகையோர் இருநூறில் ஒருவர்கூட இல்லை என்றும் சொன்னது. இழப்பு சிறிதானால் நேர்மை எளிது. என் மருமானுக்கு அது எளிதல்ல; ஆகவேதான் அவனுக்கு அது சோதனை.

"கேட்டுவிடு, அப்பா" என்றேன். "பிறர் மறதியை மூலதனமாக்கியவன், பாடம் நன்றாக இருக்க வேண்டுமே என்று கவலைப்பட மாட்டான். யாரும் விழித்துக்கொள்ளக் கூடாதே என்றுதான் கவலைப்படுவான்."

அவன் பதில் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.