திறனாய்வாளனின் கடன்

ஏறாவூரை அடுத்த வாவிக்கரைக் கிராமங்களில் விடியும்வரை கூத்துப் பார்த்தவர் ஒரு சங்கடத்தை அறிவர். களரியில் ஆடுவோர் வயலிலும் வாவியிலும் உழைக்கும் நம் அயலவர். அவர்தம் குறையை அச்சிற் கூறுதல் அறமாகுமா?

குறையை மறைப்பதே அன்பு என்பர் சிலர். ஆயின் கூத்து மரபு குறையை மறைத்ததில்லை. சட்டங்கொடுத்த நாள்முதல் அண்ணாவியார் தாளப் பிழையையும் ஆட்டப் பிழையையும் கண்டித்துத் திருத்துவார். கிழமைக்கூத்துக்கு ஊராரும் கூடுவர். அக்கண்டிப்பு, திருந்துதற்கு நாளுள்ளபோது வருவது. விமர்சனமோ அரங்கேற்றத்தின் பின் வருவது. சிக்கல் இங்கேதான் உள்ளது.

மட்டக்களப்பில் 1936இல் பிறந்து 2022இல் மறைந்த கே. எஸ். சிவகுமாரன், தமிழிலும் ஆங்கிலத்திலும் பல்லாண்டுகள் நாடகங்களைப் பற்றி எழுதினார். கண்டனத்தினும் அறிமுகத்துக்கே அவர் முதன்மை அளித்தார். தமிழறியாத வாசகருக்கும் ஈழத்தமிழ் அரங்கை அவ்வெழுத்து உணர்த்திற்று. அது பெரும்பணியே. எனினும் எல்லாரும் நயந்து மட்டுமே எழுதின், நன்றாக ஆடியவனுக்கும் ஏனோதானோவென ஆடியவனுக்கும் வேறுபாடு இல்லாதொழியும்.

பொய்ப்புகழ், “உன்னால் இவ்வளவே இயலும்” என்னும் மறைமுக இகழ்ச்சியாகும். வடமோடிக்கும் தென்மோடிக்கும் வேறுபாடறியாதவன் விதிக்கும் தீர்ப்போ வெறும் அகந்தை. எனவே திறனாய்வாளனின் முதற்கடன் கற்றல்; அடுத்த கடன் உண்மை கூறல். அடுத்த களரியில் திருத்திக்கொள்ளத்தக்க வகையில் குறையை உரைப்பவனே ஆடுவோரைச் சமமாக மதிப்பவன்.