ஒரே அறிவு, இரு வினை

அழிக்கும் கருவியைச் சமைத்த அறிவே ஆற்றும் கருவியையும் சமைக்குமாயின், பின்னதால் வரும் புண்ணியம் முன்னதன் பாரத்தைக் குறைக்குமா என்பது நூல்களிலே வாதிப்போருக்கு ஒரு தர்க்க வினோதமாக இருக்கலாம். ஏ-9 வீதியும் ஒட்டுசுட்டான் வழியே முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியும் சந்திக்கின்ற மாங்குளத்திலே, 1990, 1998, 1999, 2008 என்று போரிலே திரும்பத் திரும்பக் கைமாறிய இந்த மண்ணிலே, அது வினோதமன்று. இங்கே ஆகாயத்து இரைச்சலுக்குக்கூடப் பெயர் உண்டு: குண்டு போடுவது கிபிர், வேவு பார்ப்பது வண்டு. ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் எது வருகிறது என்று சொல்லிப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள்.

இவ்விசாரத்துக்கு உதாரண புருஷராக ஆ.ப.ஜெ. அப்துல் கலாமை எடுத்துக்கொள்வது பொருந்தும். அவர் பிறந்த இராமேசுவரம் வன்னிக்கு அந்நியமான ஊரன்று; 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும்வரை தலைமன்னாரிலே கப்பலேறி அக்கரை சேர்ந்த யாத்திரிகர்கள் இப்பக்கத்திலும் பலர் இருந்தனர். பள்ளிவாசலிலே தொழுகை நடத்திய தந்தைக்கு மகனாய் 1931இல் பிறந்து, குர்ஆனோடு கீதையையும் குறளையும் போற்றி, வீணை பயின்று, இல்லறம் புகாமல் வாழ்ந்த அம்மனிதரிடம் ஒரு துறவியின் சாயல் இருந்தது என்பதை அவரோடு மாறுபடுவோரும் மறுப்பதில்லை. வினாவைக் கடினமாக்குவதும் அதுவே. கொடியவன் ஒருவன் ஆயுதம் செய்திருந்தால் நாம் சிந்திக்க வேண்டிய அவசியமே நேர்ந்திராது.

கேரளக் கரையில் தும்பா என்னும் மீனவக் கிராமத்திலே, ஆகாய ஆராய்ச்சிக்கென்று இடம் வேண்டப்பட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மரிய மதலேனாள் ஆலயத்தையும் தம் இல்லத்தையும் விட்டுக்கொடுத்தார். வழிபாடு நிகழ்ந்த மண்டபத்திலே ராக்கெட்டின் பாகங்கள் பூட்டப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டு மேலெழுந்தது. அங்கே தொழில் பழகிய கலாம் பின்னர் எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலத்துக்குத் தலைமை தாங்கினார். 1979இல் அது கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18இல் முப்பத்தைந்து கிலோ நிறையுள்ள ரோகிணிச் செய்மதியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. இரண்டாண்டுகளின் பின் அவர் ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆய்வுகூடத்துக்குப் பெயர்ந்தார். 1989 மே 22இல் அக்னி ஏவுகணை பாய்ந்தபோது அதன் முதற்கட்டமாய் எரிந்தது, செய்மதியைத் தூக்கிய அதே வகைத் திண்ம எரிபொருள் மோட்டாரேயாகும். செபம் செய்த இடத்தை விஞ்ஞானத்துக்கென ஈந்த அந்த ஆயரும் மீனவர்களும் இந்த முடிவையும் சேர்த்துத்தான் ஈந்தார்களா? ஈகை கையைவிட்டுப் போனபின் ஈந்தவனுக்கு அதன் போக்கிலே அதிகாரம் இல்லை என்பர். அறிவுக்கும் அவ்விதியே போலும்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஏவுகணைக்கென உருவாக்கிய கனமற்ற கூட்டுப்பொருளை, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த எலும்பு வைத்தியர் ஒருவர் ஆய்வுகூடத்திலே கையில் எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் சும்மா திரும்பாமல் கலாமைத் தம் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கிகளைக் கால்களிலே பூட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கின்ற சிறுவர் சிறுமியரைக் காட்டினார். மூன்று வாரங்களிலே முந்நூறு கிராம் நிறையுள்ள தாங்கிகள் ஆயத்தமாயின. தம் வாழ்வின் பேரானந்தங்களுள் ஒன்றாக இதைக் கலாம் பிற்காலத்திலே சொல்லிவந்தார். இந்நிகழ்ச்சியிலே என் மனம் தங்குவது அவரிடத்திலன்று, அந்த வைத்தியரிடத்திலேயே. பொருள் அலமாரியிலே ஏற்கெனவே இருந்தது. பிள்ளைகளும் அதே நகரத்திலே ஏற்கெனவே நடக்கமாட்டாமல் இருந்தார்கள். இடையிலே ஒருவர் வந்து கேட்கும்வரை அறிவு தானாக எழுந்து அந்த வாட்டுக்குப் போகவில்லை. ஆயுதத்துக்கோ அப்படி ஒருவர் வந்து கேட்கவேண்டியிருக்கவில்லை. அரசாங்கம் திட்டமும் பணமும் ஆளும் வகுத்துக் காத்திருந்தது.

கலாமைப் புகழ்வோர் பலர் அக்னியை ஒரு தட்டிலும் தாங்கியை மறு தட்டிலும் வைத்து நிறுத்து, கணக்கு நேராயிற்று என்று மகிழ்கின்றனர். சைவ சித்தாந்தம் பயின்ற எவரும் இக்கணக்கிலே சம்மதிக்க மாட்டார். நல்வினையின் பயனும் தீவினையின் பயனும் தனித்தனியே அனுபவிக்கப்படவேண்டியவை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழிக்கலாம் என்பது அங்கே பொதுவிதியன்று. பொன் விலங்கு இரும்பு விலங்கை அறுப்பதில்லை. ஆகையால் தாங்கியைப் பிராயச்சித்தமாகக் காண்பதும் பிழை, அதை ஏவுகணைக்கு விளம்பரமாகக் காண்பது அதனினும் பிழை. நடந்த பிள்ளைகள் நடந்தார்கள். அது பூரணமான நன்மை. அக்னியும், 1998 மே மாதத்துப் பொக்ரான் அணுவெடிப்பும் தம்மளவிலே விசாரிக்கப்படவேண்டியவை.

தேசத்தைக் காப்பதும் தர்மமே என்பர். பயன் கருதாது தன் கடமையைச் செய்பவனை வினை பற்றாது என்று கீதையையும் துணைக்கு அழைப்பர். இவ்வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆயினும் பற்றின்மை செய்பவனை விடுவிக்கலாமேயன்றி, செய்யப்பட்ட பொருளை விடுவிப்பதில்லை. குண்டு விழும் முற்றத்திலே நிற்பவன் அதை வடித்தவனுடைய உள்ளத் தூய்மையை அறியான். தேசிய பாதுகாப்பு என்ற பெயராலேயே தன் கூரை எரிந்ததைக் கண்ட வன்னியான் அச்சொற்றொடரைக் கேட்கும்போது, காக்கப்படுவோருள் தானும் அடக்கமா என்று முதலிலே கேட்பது இயல்பு.

எமது பிரதேசத்திலே கால் இழந்தவர்களுட் பலர் ஏவுகணையால் இழக்கவில்லை. மிக மலிவான, எவ்வித உயர் விஞ்ஞானமும் வேண்டாத கண்ணிவெடியால் இழந்தனர். 1960களின் பிற்பகுதியிலே வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் காலை அணிந்து வயலுக்குப் போனோர் இங்கே உண்டு. அதுவும் இந்தியாவிலிருந்து வந்ததே என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். கண்ணிவெடியை விலக்கும் ஒட்டாவா ஒப்பந்தத்திலே இலங்கை 2017 டிசம்பரிலே இணைந்தது, இந்தியா இணையவில்லை. கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர். இத்தகைய முடிவு அப்பதவிக்குரியதன்று, மந்திரிசபைக்குரியது என்பதை அறிவேன். வாட்டிலே பிள்ளைகளைக் கண்டு மூன்று வாரத்திலே உருகிய நெஞ்சு ஒரு மனிதருடையது. அரசாங்கத்தை அந்த வாட்டுக்கு அழைத்துச் செல்லும் வைத்தியர் எவரும் அந்நாட்டுக்கு இன்னும் வாய்க்கவில்லை, எமக்கும் எத்தனையோ காரியங்களில் வாய்க்கவில்லை.