உறையுள் ஈதலும் ஓர் அறமே



இருவினை கடந்த அருகப் பெருமான் திருவடிகளை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் வணங்கி, இன்று ஒரு சிற்றுயிரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அது பூனைக்குட்டி. "தத்துவம் பேச வேண்டிய இடத்தில் பூனையைப் பற்றிய பேச்சா?" என்று சிலர் புன்முறுவல் கொள்ளலாம். ஆனால் நம் கொல்லாமை விரதம் நூலில் எத்துணை, வாழ்வில் எத்துணை என்பதை அளந்து காட்டும் கோலாக, நம் வீட்டு வாயிலில் வந்து கத்தும் இவ்வுயிரே அமைந்துவிடுகின்றது.

தொண்டை நாட்டுச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் வந்து, சேலம், நாமக்கல் சமவெளியில் குடியமர்ந்த நம்மவர் குடும்பங்கள் பல. இந்நிலம் நமக்குப் புதியதன்று. மேற்கே விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் திருக்கோயில் இன்றும் நின்று, கொங்கு நாட்டில் நம் அறம் வேரூன்றியிருந்தமைக்குச் சான்று பகர்கின்றது. இன்று இச்சமவெளி எங்கும் மரவள்ளித் தோட்டங்களும் ஜவ்வரிசி ஆலைகளும், கோழிப் பண்ணைகளும், மக்காச்சோளம் குவிந்த தீவனக் கிடங்குகளும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் நிறைந்துள்ளன. தானியம் உள்ள இடத்தில் எலி வரும். எலி உள்ள இடத்திற்குப் பூனை வரும். பூனை வந்த இடத்தில் ஒன்பது வாரங்களில் குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகளைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் செய்வது யாது? ஒரு சாக்குப் பை. ஓர் அந்தி நேரம். ஊருக்கு வெளியே ஓர் இடம். அவ்வளவே.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என் குற்றத்தைக் கூறிவிடுகின்றேன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், சேலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் விறகுப் பரணில் ஒரு பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. அவை கண் திறந்து நடமாடத் தொடங்கியதும் என் பாட்டியார் என்னை அழைத்து, "தம்பி, இவற்றை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வா. எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்றார். அவர் கொடியவர் அல்லர். கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர். நீரை வடிகட்டாமல் அருந்தாதவர். எறும்புக்கும் வழி விலகி நடப்பவர். நானும் ஒரு சாக்கில் அந்நான்கையும் இட்டு, திருமணிமுத்தாற்றின் மறுகரையில் ஒரு புதரருகே விட்டுத் திரும்பினேன். அவை என் பின்னே சிறிது தூரம் ஓடிவந்தன. அன்றிரவு மழை பெய்தது. தாய்ப்பூனை மூன்று நாள் பரணிலும் கூரையிலும் கத்தித் தேடியது. அந்நான்கு உயிர்களும் என்னவாயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்." இச்சொற்றொடரைத்தான் இன்று நாம் ஆராய வேண்டும். எங்கேயாவது என்பது ஓர் இடமா? அங்கே யார் பாலூட்டுவார்? நாய் துரத்தினால் எவர் கதவு திறக்கும்? விடை இல்லாத வினாக்களை மூடி வைக்கும் போர்வையே அச்சொல்.

இனி, கற்றறிந்த சிராவகர் ஒருவர் எழுந்து நியாயமான ஐயம் ஒன்றை வினவலாம். "சுவாமி கார்த்திகேயர் அருளிய அனுப்பிரேட்சை நூலில், பூனை முதலிய உயிர்களை வளர்த்தலை அனர்த்த தண்டம், அதாவது பயனின்றி வினையை ஈட்டும் தீச்செயல், என்று விலக்கியுள்ளாரே! நீர் அதனை ஆதரித்துப் பேசலாமோ?" என்பார். உண்மை. ஆசாரியர் அவ்வாறே விலக்கியுள்ளார். அவ்விலக்கை ஆயுதங்களை விற்றலோடு சேர்த்தே வைத்துள்ளார் என்பதையும் நோக்க வேண்டும். எலியைக் கொல்லும் கருவியாகப் பூனையைக் கிடங்கில் வைப்பது, கொலைத் தொழிலை அதன் வாயால் செய்விப்பதாகும். அதனை நாம் செய்யலாகாது, ஐயமில்லை. ஆயின், வளர்க்கலாகாது என்ற விலக்கு, சாகவிடலாம் என்ற அனுமதியாக எப்போது மாறியது? வாளை விற்கலாகாது என்றால் வாளைத் தெருவில் எறிந்துவிடலாம். பூனை வாள் அன்று. ஐம்பொறிகளும் மனமும் வாய்ந்த உயிர்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில், மனம் மொழி மெய்களின் விழிப்பின்மையால் உயிர்ப்பு நீங்கச் செய்வதே இம்சை என்று வரையறுத்தார். அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களையும் எண்ணினார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். தாயிடமிருந்து பிரித்துப் பாலில்லாத இடத்தில் குட்டியை விடுவது ஐந்தாம் குற்றமன்றி வேறென்ன? நாட்டின் சட்டமும் இதனையே கூறுகின்றது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் துன்புறத்தக்க நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதலைக் குற்றமாகக் குறித்துள்ளது.

இங்கே ஒரு பழங்கதையை நினைவூட்ட விரும்புகின்றேன். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என்று தானம் நான்கினைக் கூறி, அவற்றிற்கு எடுத்துக்காட்டாக நால்வரைச் சுட்டுகின்றார். நான்காவதான உறையுள் தானத்திற்கு அவர் காட்டியது மன்னனை அன்று, வணிகனை அன்று, ஒரு பன்றியை!

உரையாசிரியர் விரித்துரைக்கும் அக்கதை இது. குயவன் ஒருவனும் நாவிதன் ஒருவனும் சேர்ந்து வழிப்போக்கர்க்கு ஒரு சாவடி கட்டினர். குயவன் அதில் ஒரு முனிவரைத் தங்கச் செய்தான். நாவிதனோ அவரை வெளியேற்றிவிட்டு, வேறொரு துறவியை அங்கே அமர்த்தினான். முனிவர் இரவெல்லாம் மரத்தடியில் துன்பம் பொறுத்திருந்தார். விடிந்ததும் அதன் பொருட்டு இருவரும் பூசலிட்டு ஒருவரையொருவர் கொன்று மாய்ந்தனர். குயவன் விந்திய மலைக்காட்டில் பன்றியாகவும், நாவிதன் புலியாகவும் பிறந்தனர். ஒருநாள் அப்பன்றி இருந்த குகையருகே முனிவர் இருவர் வந்து தங்கினர். அவர்களைக் கண்ட பன்றிக்கு முற்பிறப்பு நினைவு எழுந்தது. அறம் கேட்டு விரதம் ஏற்றது. மனித வாடை அறிந்து புலி வந்தபோது, குகை வாயிலில் குறுக்கே நின்று போரிட்டது. இரண்டும் மடிந்தன. காக்கும் எண்ணத்தோடு இறந்த பன்றி சௌதர்ம கற்பத்தில் தேவனாயிற்று. உண்ணும் எண்ணத்தோடு இறந்த புலி நரகம் புக்கது.

இரு விலங்குகளும் செய்தது ஒரே போர். எண்ணமே கதியைப் பிரித்தது. விலங்குகதியில் உழலும் உயிரும் பிறர்க்கு உறையுள் காக்க வல்லது என்றால், மக்கட்பிறப்பு எய்திய நாம், அவ்வுயிர்க்கு ஓர் உறையுள் தேடித் தரலாகாதா? முனிவர்க்கு ஈவது பாத்திர தானம். துன்புற்ற உயிர்க்கு ஈவதைத் தயாதத்தி என்று மகாபுராணம் கூறும். தகுதியில் முன்னது உயர்ந்தது; ஆயினும் பின்னதற்கு நாம் வாயில் அடைக்க நூல் இடம் தரவில்லை.

சரி, "அப்படியாயின் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?" என்பது அடுத்த வினா. இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். பூனை இயற்கையிலேயே ஊனுண்ணி. ஊனில் உள்ள டாரின் என்னும் சத்து போதிய அளவு கிட்டாவிடில் அதன் கண்பார்வை கெடும், இதயம் நலியும். தயிர்ச்சோறு மட்டும் இட்டு "நாங்கள் அதனைச் சைவமாக்கிவிட்டோம்" என்று மகிழ்வது, மேற்கூறிய ஐந்தாம் குற்றத்தின் மறுவடிவமே. நம் அடுக்களையிலோ ஊன் புகாது, புகவும் கூடாது. எனவே நம்மில் பலருக்கு உரிய பணி வளர்ப்பவர் ஆவதன்று, பாலம் ஆவது. தெருவுக்கும் ஒரு நல்ல வீட்டிற்கும் இடையே சில வாரங்கள் அடைக்கலம் தரும் பாலம்.

"பிறர் வீட்டில் அது ஊன் உண்டால், அது நாம் செய்வித்த பாவமாகாதா?" எனலாம். நாம் தருவது உயிர்க்கு அடைக்கலம். அதன் உணவு அதன் பிறப்பு கொணர்ந்தது. அதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. அதனாலேயே பூனைகளை விலைக்கு வாங்குவதையும், இனம் பெருக்கி விற்பதையும் நாம் அறவே விலக்க வேண்டும். அவ்வுணவின் சுமை நெஞ்சில் உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும். உறுத்தலின்றி நான்கு குட்டிகளைப் புதரில் விட்ட கை என்னுடையது. அதைவிட இவ்வுறுத்தல் மேலானது என்பதே நான் கண்டது.

குட்டியைக் கண்டவுடன் அள்ளி எடுத்துவிடாதீர்கள். தாய் இரை தேடச் சென்றிருக்கலாம். தொலைவில் நின்று சில மணி நேரம் காத்திருங்கள். எட்டு வாரம் வரை குட்டி தாயோடு இருப்பதே நன்று. தாயற்ற குட்டியாயின் முதலில் வெதுவெதுப்பு, பின்னர் மருத்துவர் கூறும் மாற்றுப் பால். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அன்பினாலேயே கொல்லும் அவலம் அது. அரசு கால்நடை மருத்துவமனைகள் நம் ஊர்களில் உள்ளன. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்கி வருகின்றது. குடற்புழு நீக்க மருந்தும் தடுப்பூசியும் தந்து ஔஷத தானத்தின் பயனையும் எய்துங்கள்.

பின்னர் வீடு தேடுங்கள். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடுவது தானமன்று, கைகழுவுதலே. பெண் கொடுக்கும் இடத்தை விசாரிப்பதுபோல் விசாரியுங்கள். அவ்வீட்டார் அனைவருக்கும் விருப்பம் உண்டா? கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா? ஊருக்குச் சென்றால் யார் உணவிடுவார்? "எலி பிடிக்கத்தான் கேட்கிறேன்" என்பவர்க்குப் பணிவோடு மறுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் ஒரு திங்கள் கழித்தும் சென்று பாருங்கள். "இயலாவிடில் என்னிடமே திருப்பித் தாருங்கள், தெருவில் விடாதீர்கள்" என்று சொல்லி வையுங்கள். இந்த ஒரு வாக்குறுதி இல்லாமல் கொடுத்த குட்டி, மீண்டும் அதே சாக்குப் பையைக் காணும்.

கருநிறக் குட்டியை எவரும் ஏற்பதில்லை; குறுக்கே போனால் சகுனத் தடை என்பர். இது நற்காட்சிக்கு மாசாகிய உலக மூடம். நம் வினையின் பயனை நாம் நுகர்கின்றோம். ஒரு குட்டியின் நிறம் அதனை மாற்றாது. இதனை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஞான தானமே.

கருத்தடை பற்றியும் சொல்லியாக வேண்டும். உறுப்பறுத்தல் குற்றமாயிற்றே என்று பெரியோர் சிலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. எனினும் ஐந்து ஆறு திங்களிலேயே கருவுறத் தொடங்கும் பூனை, ஆண்டில் இரண்டு மூன்று முறை ஈனும். அக்குட்டிகள் அனைத்திற்கும் வீடு கிடைப்பதில்லை. பகையால் அறுப்பதும், வலியறியா வண்ணம் மருத்துவர் செய்யும் சிகிச்சையும் எண்ணத்தால் வேறு என்பது என் கருத்து. சென்னையில் 1959-ஆம் ஆண்டு கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்லுதற்கு மாற்றாக 1964-இலேயே இவ்வழியை முன்வைத்தது. கொலைக்கு மாற்று உண்டு என்று காட்டிய பணி அது.

எலிக்கு என் செய்வது? தானியத்தை மூடி வையுங்கள். இரும்புத் தொம்பை, அடைத்த கதவடி, சிந்தாத தரை. இவை நஞ்சும் வேண்டா, பூனையும் வேண்டா. கிடங்கு உரிமையாளர்கள் லாரியைக் கிளப்புமுன் முன்மூடியை இருமுறை தட்டச் சொல்லுங்கள்; சூட்டுக்காக உள்ளே படுத்திருக்கும் குட்டி விழித்து ஓடிவிடும். இரண்டு தட்டு, ஓர் உயிர். விழிப்பு என்று ஆசாரியர் கூறியது இதுவே.

அன்பர்களே! நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு எல்லா உயிரிடத்தும் மன்னிப்பு வேண்டுகின்றோம். அவ்வேளையில் எனக்கு நான்கு சிறு முகங்கள் தோன்றுகின்றன. அவற்றிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகவரி இல்லை. "எங்கேயாவது" என்று நானே அதனை அழித்துவிட்டேன். உங்கள் வாயிலில் நாளை ஓர் உயிர் வந்து கத்தினால், அதற்கு "எங்கேயாவது" என்று சொல்லாதீர்கள். இன்ன தெரு, இன்ன வீடு, இன்னார் மடி என்று சொல்லும் வரை உங்கள் திண்ணையில் ஒரு மூலை கொடுங்கள்.

எல்லா உயிரும் இன்புறுக! அருகன் அருளிய திருவறம் ஓங்குக!